முன்னால் திறக்கும் மேலாடை

அந்தத் தெருவில் கண்ணளவு அக்கா என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். தையல்காரிக்கு அடையாளமாக அளவு நாடா கழுத்தில் தொங்குமே தவிர, அதை எடுத்து அவள் அளந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. ஆள் வாசலில் நுழையும்போதே தோள் இவ்வளவு, நீளம் இவ்வளவு என்று மனத்தில் குறித்துவிடுவாள். கடவுள் கொடுத்த கண் என்று வாய் நிறையச் சொல்வாள். பெருமையை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்வாள்.

நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மாள் ஒருவர் கனமான கம்பளித் துணியோடு அவளிடம் வந்தார். குளிருக்குத் தோளில் போட்டுக்கொள்ள ஒரு கேப் வேண்டும் என்றார். முன்பக்கம் முழுக்கத் திறந்திருந்து, கழுத்தில் ஒரே ஒரு கொக்கி இருந்தால் போதுமாம். படியிறங்கப் போனவர் திரும்பி வந்து, "கட்டாயம் முன்னால திறக்கணும்மா" என்று தாழ்ந்த குரலில் இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

துணியை விரித்தபோது அக்காவுக்கு வேலை மலையாகத் தெரிந்தது. முன்பக்கத்தை வெட்டினால் இரண்டு ஓரத்துக்கும் உள்ளே பட்டி வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாகத் தொங்க வேண்டும். தலைவழியாக மாட்டும் போஞ்சோவுக்கு அந்தப் பாடு இல்லை. தலை நுழைய நடுவில் ஒரு திறப்பு, சுற்றி ஒரு மடிப்பு, அவ்வளவுதான். போஞ்சோவாகவே தைத்துவிட முடிவுசெய்தாள். கடையில் அவளோடு ஓரம் தைக்கும் தங்கை, அவர் கேட்டது வேறாயிற்றே என்றாள்.

"ரெண்டும் தொளதொளன்னு தொங்கப் போறதுதானே? எந்த வழியாப் போட்டோம்னு குளிர் வந்து கேக்கவா போகுது?" என்று அக்கா அவள் வாயை அடைத்துவிட்டாள்.

சொன்ன நாளில் அம்மாள் வந்தார். கடையில் வேறு இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். மேலாடையை விரித்துப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. அக்கா அவரைப் பேச விடவில்லை. இது புது மாதிரி, கேப்பைவிட எடுப்பு, கொக்கி அறுந்துபோகும் கவலையும் இல்லை என்று அடுக்கினாள். போட்டுப் பாருங்கள் என்று வாய் சொல்வதற்குள் அவள் கை துணியை அவர் தலைமேல் இறக்கிவிட்டது.

துணி முகத்தை மூடியபடி பாதியில் நின்றது. அம்மாளின் வலது கை மட்டும் மேலே எழும்பித் திறப்பைத் தேடித் தடவியது.

"என்னம்மா, கண்ணாமூச்சி ஆடுறீங்களா?" என்றாள் அக்கா. காத்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "இடது கை மேல வராதும்மா."

தங்கைதான் ஓடிவந்து துணியைத் தூக்கினாள். முடி கலைந்து, மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்க, அம்மாள் தலைகுனிந்து நின்றார். அவருடைய இடது கை மடங்கியபடி வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. துணி கொடுக்க வந்த அன்றைக்கும் அந்தக் கனத்தை அவர் வலது கை ஒன்றால்தான் நீட்டினார். தோளின் அகலத்தை விரற்கடை பிசகாமல் குறித்த கண்ணுக்கு அந்த மடங்கிய கை தெரியாமல் போய்விட்டது.

கேட்டபடி தைக்கவில்லையா என்று ஒரு பெண் விசாரித்தாள். அக்கா வாய் திறப்பதற்குள் அம்மாள் முந்திக்கொண்டார். "நான்தான் சரியாச் சொல்லல."

அந்த இடத்திலாவது அக்கா உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பெண்கள் தங்கள் துணிகளை வாங்கிக்கொண்டு போகும்வரை கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்லம்மா, மருமக போட்டுவிடுவா. தங்கமான பொண்ணு. எல்லாத்தையும் அவதான் போட்டுவிடறா" என்றார் அம்மாள். மூக்குக்கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொண்டே, "இது ஒண்ணையாவது நானே போட்டுக்கலாம்னு நெனச்சேன்" என்றார்.

அக்கா கேட்டபடியே மாற்றித் தருவதாகச் சொல்லித் துணியை வாங்கி வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினாள். அந்த இரண்டு பெண்களும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். மூச்சு வாங்க அவர்களிடம் சொன்னாள். "அவங்க சரியாத்தான் சொன்னாங்க. வேலைக்குச் சோம்பல்பட்டு மாத்தினது நான்." இதற்காகவா ஓடிவந்தீர்கள் என்று ஒருத்தி சிரித்தாள். மற்றவள் சிரிக்கவில்லை. திரும்பி நடக்கையில் அக்காவின் பாரம் முழுதும் இறங்கிவிடவில்லை. ஆனாலும் தலையை நிமிர்த்த முடிந்தது.

மறுநாள் போஞ்சோவின் முன்பக்க நடுவில் கத்தரியை வைத்தாள். பட்டி கொடுத்து, கொக்கி தைத்து முடித்ததும், தன் இடது கையை இடுப்போடு சேர்த்துத் துணிப்பட்டியால் கட்டும்படி தங்கையிடம் சொன்னாள். கண்ணாடி முன்னால் நின்று ஒற்றைக் கையால் போட்டுப் பார்த்தாள். கொக்கி மாட்ட ஏழெட்டு தடவை ஆனது. அதைப் பிரித்துவிட்டுப் பெரிய கொக்கியாக, கொஞ்சம் தள்ளித் தைத்தாள். மூன்றாம் முறை பிரித்துத் தைத்த பிறகுதான் ஒரே தடவையில் மாட்டியது.

அம்மாள் வந்ததும் அக்கா முதல் வார்த்தையாக மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு, மேலாடையை இடது தோளில் முதலில் சாய்த்து, முதுகைச் சுற்றி இழுத்து, கொக்கியைத் தேடினார்.

"கொஞ்ச நேரமாகும்" என்றார்.

"ஆகட்டும்மா" என்றாள் அக்கா. உதவத் துடித்த இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துப் பிடித்துக்கொண்டாள்.