எருது என்ன ஆயிற்று

"ஒரு பாடம்தான் பாக்கி" என்று நான் சொல்ல ஆரம்பித்து இருபத்தோரு வருஷம் ஆகிறது. செவாஸ்தியின் வீட்டுக்கு முதன்முதலாக இனிப்புப் பெட்டியோடு போனபோது அவள் அப்பாவிடம் அதைத்தான் சொன்னேன். மனிதர் நம்பினார், பெண்ணையும் கொடுத்தார், அடுத்த வருஷம் பட்டமளிப்பு விழாவுக்குப் போட என்று கோட்டும் தைத்துக்கொண்டார். கடைசியில் அந்தக் கோட்டைப் போட்டுத்தான் அவரை அடக்கம் செய்தோம்.

பாக்கி இருந்த பாடம், பழைய கிரேக்கம், தொடக்க நிலை. நான் படித்தது வரலாறும் தொல்லியலும். மற்ற நாற்பத்தொன்பது பாடங்களையும் எப்படியோ கரையேற்றிவிட்டேன். பள்ளியில் பழைய கிரேக்கத்தைக் கோட்டை விட்டவர்களுக்கென்று எங்கள் துறையில் ஒரு தொடக்க வகுப்பு உண்டு. நான் பள்ளியில் அந்த வகுப்பு முழுக்க ஜன்னல் வழியே பந்தாட்டம் பார்த்தவன். பிறகு தொழிற்பள்ளியில் டீசல் எஞ்சின் படித்தவன். இப்போது தெசலோனிக்கியில் நகரப் பேருந்து ஓட்டுகிறேன், ரயில் நிலையத்திலிருந்து கலமாரியா வரை, மறுபடி கலமாரியாவிலிருந்து ரயில் நிலையம் வரை.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கிரேக்கனுக்குக் கிரேக்கம் வராதா என்பார்கள். எழுத்து எங்கள் எழுத்துதான், என் பேருந்தின் நெற்றியில் ஓடுகிற அதே எழுத்து. வாசிக்கச் சொன்னால் கோயில் பாதிரியார் தோற்றார், அப்படிக் கணீரென்று வாசிப்பேன். என்ன அர்த்தம் என்று கேட்டால்தான் வம்பு. பாதிச் சொற்கள் தெரிந்த முகம் போலச் சிரிக்கும், கிட்டே போனால் வேறு யாரோ.

அதற்குத்தான் நோட்ஸ் இருந்தது. பல்கலைக்கழகத்தின் பின்பக்கத் தெருவில் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும். துறையின் பாடநூலில் முப்பது குட்டிக் கதைகள், முப்பது வருஷமாக அதே கதைகள். நோட்ஸில் அந்த முப்பதுக்கும் இன்றைய மொழியில் பொருள் இருக்கும். எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் பழைய மொழியைப் படிப்பது என்றால் நோட்ஸை மனப்பாடம் செய்வது, அவ்வளவுதான். அப்பன் செய்தான், மகனும் செய்கிறான்.

நான் மனப்பாடத்தில் சூரன். அதுதான் என்னைக் கெடுத்தது. ஒரு தடவை கேள்வித்தாளில் கதையின் முதல் எட்டு வரிதான் இருந்தது. நான் பன்னிரண்டு வரிக்குப் பொருள் எழுதினேன். "மிச்ச நாலு வரி எந்தத் தாளில் இருந்தது?" என்று விடைத்தாளில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். இன்னொரு தடவை, "ஒரு உழவன் இருந்தான்" என்று ஆரம்பித்ததும் ஏதோ ஒரு உழவனின் கதையை முழுக்க எழுதிவிட்டு வந்தேன். தாளில் இருந்தது வேறு உழவன். இப்படிப் பதினான்கு தடவை. பிறகு போவதை விட்டுவிட்டேன். சொல்வதை மட்டும் விடவில்லை.

போன குளிர்காலத்தில் துறை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வருஷக்கணக்காகப் படித்து முடிக்காதவர்களின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்கிறார்கள், எனக்கு ஜூன் தேர்வு கடைசி. செவாஸ்தி அதை இரண்டு தடவை படித்தாள்.

"எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க, விடு. பட்டம் வாங்கி பஸ்ஸுக்குள்ளயா மாட்டப் போற?"

"ஜூன்ல பாஸ் பண்றேன்."

"இங்க பாரு அனெஸ்திஸ், எனக்கு உன் பட்டம் வேணாம். ஆனா எங்கண்ணன் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் 'புரொபசர் வந்துட்டாரு, நாற்காலி போடுங்க'ன்னு சொல்றப்ப நீயும் சேர்ந்து சிரிக்கிற பாரு, அதைத்தான் என்னால பாக்க முடியல. ஒண்ணு முடி, இல்ல இனிமே அந்தப் பேச்சை எடுக்காத."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் அண்ணன் யோர்தானிஸ் குளிர்பதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். நான் சிரிப்பது அவ்வளவு கேவலமாகத் தெரிகிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பிப்ரவரியில் வகுப்புக்குப் போனேன். என்னைத் தவிர எல்லாருக்கும் பத்தொன்பது வயது. ஆசிரியை க்ளியோ, என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள், ஒப்பந்த வேலை, தாளும் புத்தகமும் பிதுங்கும் பை ஒன்று எப்போதும் தோளில் தொங்கும். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், நான்தான் ஆசிரியர் என்று நினைத்து. நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்ததும் சிரிப்பு வெடித்தது. பக்கத்தில் மிர்சினி என்று ஒரு பெண்.

"மாமா, பொண்ணு சார்பா நோட்ஸ் எடுக்க வந்தீங்களா?"

"எனக்குப் பொண்ணே இல்லம்மா. நானே ஸ்டூடண்ட்தான்."

"எந்த வருஷம் சேந்தீங்க?"

சொன்னேன்.

"ஐயோ, நான் அப்ப பொறக்கவே இல்ல!" என்றாள். அன்றிலிருந்து எனக்கு ஒரு இடம் பிடித்து வைப்பாள். பதிலுக்கு நான் எள்ளு தூவிய வளைய ரொட்டி வாங்கிப் போவேன், ஆளுக்குப் பாதி.

மூன்றாவது வாரம் க்ளியோ, வருகைப் பட்டியலில் இருந்த என் குடும்பப் பெயரைச் சொல்லி, என்னை எழுப்பி நிறுத்தினாள். ஒரு வரியைக் காட்டி, இது என்ன என்றாள். நான் அந்த வரி, அடுத்த வரி, அதற்கடுத்தது என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே போனேன்.

"கரிபிதிஸ், நிறுத்துங்க, நிறுத்துங்க. பக்கத்தைத் திருப்பவே இல்ல, நீங்க அடுத்த பக்கத்துக்குப் போயிட்டீங்க."

"பாடம் தெரியும், மேடம்."

"பாடம் தெரியல. நோட்ஸ் தெரியுது. பஸ் ஓட்டுறீங்கல்ல? கண்ணை மூடிக்கிட்டு ரூட் மனப்பாடம்னு ஓட்டுவீங்களா? ரோட்டைப் பாத்துத்தானே ஓட்டுறீங்க? இதையும் பாருங்க. அதைத் தூக்கிக் குப்பையில போடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. பேருந்தைப் பற்றி எனக்குச் சொல்ல இவள் யார் என்று இருந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் நோட்ஸைக் குப்பையில் போட்டேன். மண்டைக்குள் இருப்பதை எந்தக் குப்பையில் போடுவது, அதை அவளும் சொல்லவில்லை.

அதன் பிறகு படித்த விதம் வேறு. கலமாரியா கடைசி நிறுத்தத்தில் ஒவ்வொரு நடைக்கும் ஏழு நிமிடம் நிற்க வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் சிகரெட் பிடிப்பார்கள். நான் ஒரு வரி எடுப்பேன். ஒரே ஒரு வரி. யார் செய்தான், என்ன செய்தான், யாருக்குச் செய்தான் என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் ஏழு நிமிடமும் போதாது. ஏப்ரலில் ஒரு நாள், நோட்ஸில் இல்லாத ஒரு வரி, க்ளியோ தானே யோசித்துக் கரும்பலகையில் எழுதிப் போட்டது, திடீரென்று புரிந்துவிட்டது. "அந்தப் பெண் கிணற்றுக்குப் போகவில்லை, ஏனென்றால் மழை பெய்தது." அவ்வளவுதான் அந்த வரி. நான் வண்டியில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். வெளியே காத்திருந்த கிழவி கதவைத் தட்டி, "என்னப்பா, கிளம்பற மாதிரி ஐடியா இருக்கா இல்லையா?" என்றாள். இரண்டு நிமிடம் தாமதம், அதற்கு மேலதிகாரியிடம் பேச்சும் வாங்கினேன். சந்தோஷமாகவே வாங்கினேன்.

ஜூனில் தேர்வு. அரங்கில் ஐம்பது பேர் போல, மின்விசிறி ஒன்று. மொழிபெயர்ப்புக்கு ஆறு மதிப்பெண், சொல் கேள்விகளுக்கு நாலு. ஐந்து வாங்கினால் போதும். தாளின் மேலேயே விதிகள் அச்சடித்திருந்தார்கள்: பேனாவில் எழுத வேண்டும், அடித்தது கணக்கில் வராது.

கதை எனக்குத் தெரிந்ததுதான். உழவனின் எருது காணாமல் போகிறது, அவன் மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் மலையில் தேடுகிறான், நாலாம் நாள் பக்கத்து வீட்டுக்காரன் எருதைத் திருப்பிக் கொடுக்கிறான், இரண்டு பேரும் உட்கார்ந்து திராட்சை மது குடிக்கிறார்கள். பார்த்ததும் கை தானாக எழுதப் பரபரத்தது. நான் கையை அடக்கினேன். ரோட்டைப் பார், அனெஸ்திஸ், என்று சொல்லிக்கொண்டு வரிவரியாகப் போனேன்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. மலையில் தேடியது வரை சரியாக வந்தது. அதற்குப் பிறகு வண்டி வேறு பாதையில் போனது. நான் படித்தபடி, பக்கத்து வீட்டுக்காரன் எருதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. முந்தின நாளே கடவுளுக்குப் பலி கொடுத்துவிட்டான். உழவனைப் பார்த்ததும், "வா, உட்கார், உனக்கும் பங்கு வைத்திருக்கிறேன்" என்கிறான். உழவனுக்கு மூன்று நாள் பசி. உட்கார்ந்து தன் எருதையே தின்கிறான்.

அப்படியே எழுதினேன். எழுதி முடித்துப் பேனாவைக் கீழே வைத்தேன். எந்தப் பாவி பரீட்சைத் தாளில் இப்படி ஒரு கதையை வைப்பாள்? மறுபடி படித்தேன். மறுபடியும் தின்றான். மிர்சினி இருபது நிமிடத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு. பாதி அரங்கு காலி. அவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லையா? முப்பது வருஷமாக அச்சில் இருப்பது தப்பு, பதினான்கு தடவை தோற்ற பஸ் டிரைவர் சொல்வது சரியா? மது குடித்தார்கள் என்பது எனக்குப் பெற்றோர் பெயர் போலத் தெரியும். இறைச்சி தின்றான் என்பது ஒரு மணி நேரம் முன்னால் எனக்குத் தோன்றியது.

அடையாள அட்டையை அளவுகோலாக வைத்து அந்த ஐந்து வரியையும் நேர்த்தியாக அடித்தேன். கீழே நோட்ஸில் உள்ளபடி எருதைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன், மது குடிக்க வைத்தேன். மனசு லேசாகிவிட்டது. வீட்டுக்குப் போய் செவாஸ்தியிடம், "இந்தத் தடவை முடிஞ்சுது" என்றுகூடச் சொன்னேன். அவள் என் கன்னத்தைத் தட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. நாலு.

விடைத்தாளைப் பார்க்கிற உரிமை எல்லாருக்கும் உண்டு. நான் பிரித்து மேய்கிற நோக்கத்தோடுதான் க்ளியோவின் அறைக்குப் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உக்காருங்க, கரிபிதிஸ். கடைசி அஞ்சு வரியை நான் மாத்தி எழுதினேன். நோட்ஸை மனப்பாடம் பண்ணி எழுதுறவங்க யாருன்னு தெரியணும்னு."

"மாத்தி எழுதினீங்களா?"

"நாப்பத்தாறு பேர் எழுதினாங்க. நாப்பத்தஞ்சு தாள்ல மது மட்டும்தான். ஒரே ஒரு தாள்ல இறைச்சி இருந்துச்சு." தாளைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். "அதையும் அடிச்சிருந்துச்சு."

என் கோடுகள் அழகாக இருந்தன. அடியில் எல்லாம் படிக்க முடிந்தது.

"இது சரியா?" என்றேன். விரலை அந்த ஐந்து வரியின் மேல் வைத்தேன்.

"ஒரு சொல்கூடத் தப்பில்ல. ஏழு வந்திருக்கும்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அரை நாள் இதை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். துறைத் தலைவர்கிட்டயும் போனேன். அடிச்சதை எண்ணக் கூடாதுன்னு தாள்லயே இருக்கு, ஒருத்தருக்காக மாத்த முடியாதுன்னுட்டாரு. அவர் சொல்றதும் நியாயம்தான். ஏன் அடிச்சீங்க?"

"எனக்கு எப்படி மேடம் தெரிஞ்சிருக்கும்?"

"படிச்சிருக்கீங்களே!"

அவள் கத்தினாள், நிஜமாகவே கத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதில், ஒரு சின்னப் பெண்ணின் முன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். பதிவேட்டிலிருந்து பெயர் போனதற்கு அழுதேனா, சரியாகப் படித்ததற்கு அழுதேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பிறகு கேள்வித்தாளைக் கேட்டு வாங்கி, முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்லிக்கொண்டே போனேன். அவள் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. முடித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் மிர்சினி தன் தாளைப் பார்க்க வரிசையில் நின்றாள்.

"மாமா, உங்களுக்கும் ஊத்திக்கிச்சா? எனக்கு நாலுதான். ஏதோ கடைசியில மாத்திட்டாங்களாமே? என்ன ஆச்சு அந்த எருதுக்கு?"

"பக்கத்து வீட்டுக்காரன் பலி குடுத்துட்டான். இவனும் உக்காந்து தின்னுட்டான்."

"ச்சீ! மேடம் சொன்னாங்களா?"

"இல்லம்மா. நான் படிச்சேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்புறம் எதுக்கு ஃபெயில்? சரி விடுங்க, செப்டம்பர்ல ரெண்டு பேரும் சேந்து எழுதிரலாம். எனக்கு நீங்க சொல்லிக் குடுங்க."

ஜூன்தான் எனக்குக் கடைசி என்பது அவளுக்குத் தெரியாது, நான் சொல்லியிருக்கவில்லை. வரிசை நகர்ந்தது. "சொல்லித் தர்றேன்" என்றேன்.