ஜிமிக்கிக்கு எந்த டாக்டர்

நான் மருந்துக்கடைக்காரன். தென்காசியில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் டாக்டரிடம் போகாமல் நேரே என்னிடம்தான் வருவார்கள். "ஸ்டான்லி அண்ணாச்சி, ரெண்டு நாளா காய்ச்சலு, ஏதாவது குடுங்க" என்பார்கள். நானும் கொடுப்பேன். இருபது வருஷமாகக் கொடுத்துக் கொடுத்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

அந்தத் தலைக்கனத்தில்தான் ஜிமிக்கிக்கும் கொடுத்தேன். ஜிமிக்கி என் மகள் ஷெர்லினின் பூனை. காலையில் அதற்கு உடம்பு கொதித்தது. ஷெர்லின் கல்லூரிக்குப் போன பிறகு, குழந்தைகளுக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் சிரப்பை அதன் வாயைப் பிளந்து ஊற்றினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் முகம் வீங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஈறு பழுப்பாகியிருந்தது. பயந்துபோய்ப் போனில் தேடினேன். பூனைக்கு அது விஷம் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஷெர்லின் உள்ளே வந்தாள்.

"எப்பா, ஜிமிக்கிக்கு என்னாச்சு? வாங்க, உமா மகேஸ்வரி டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போவோம்."

அந்த டாக்டரின் கிளினிக் என் கடைக்கு நாலு கடை தள்ளி இருக்கிறது. வீட்டிலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிஷம். ஆனால் அந்தம்மாவுக்கு என்னையும் தெரியும், என் பழக்கமும் தெரியும். பார்த்ததும், "என்ன அண்ணாச்சி, நீங்களே வைத்தியம் பாத்துட்டீங்களா?" என்றுதான் கேட்பார். அப்புறம் மகள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

"அந்தம்மா ஆடு மாடுதான் நல்லா பாக்கும். செங்கோட்டையில ஒரு டாக்டர் இருக்காங்க. கேரளாக்காரங்களே பூனைய அங்கதான் கொண்டு வருதாங்க" என்றேன். வாயில் வந்த பொய். அங்கே ஒரு கிளினிக்கின் போர்டை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

குற்றாலத்தில் சீசன். இலஞ்சி விலக்குப் பக்கம் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோவுக்குள் சாரல் அடித்தது. ஷெர்லின் பூனையைத் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். திரும்பிவிடலாம் என்று மூன்று முறை நினைத்தேன். நினைத்ததோடு சரி.

செங்கோட்டை டாக்டர் ஹுஸ்னா சின்ன வயசுக்காரர். ஜிமிக்கியின் உதட்டை விலக்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"பாராசிட்டமால் ஏதும் குடுத்தீங்களா? மறைக்காம சொல்லுங்க. அதுக்கு மாத்து மருந்து இருக்கு. இப்ப குடுத்தாக்கூட பிழைக்க வாய்ப்பிருக்கு."

அந்த மாற்று மருந்து என் கடையிலும் உண்டு, சளிக்காக விற்கிறேன். 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். அதற்குள் ஷெர்லின் முந்திக்கொண்டாள்.

"எங்கப்பா மெடிக்கல் வச்சிருக்காங்க டாக்டர். அவங்களுக்குத் தெரியாதா? அப்படில்லாம் குடுக்க மாட்டாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "குடுக்கல" என்றேன்.

அவர் வேறு என்னென்னவோ யோசித்தார். ரத்தம் எடுத்தார், ஆக்சிஜன் வைத்தார், எங்கேயோ போன் போட்டுக் கேட்டார். அரை மணி நேரத்தில் ஜிமிக்கி அந்த மேஜையிலேயே செத்துப்போனது. சாரி என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

திரும்பி வரும்போது ஷெர்லின் அழுகையை அடக்கிக்கொண்டு தன் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கிளினிக்குக்கு ஒரு ஸ்டார்தான்ப்பா குடுத்திருக்கேன். டாக்டருக்கு என்ன நோய்னே கண்டுபிடிக்கத் தெரியல, யாரும் இங்கன வராதீங்கன்னு எழுதியிருக்கேன். வேற பூனைகளாவது பிழைக்கட்டும்." மூக்கை உறிஞ்சினாள். "கீழ உங்க பேரையும் கடை பேரையும் போடுதேன். மெடிக்கல்காரர் சொன்னா ஜனங்க நம்புவாங்கல்லா?"

"போடு" என்றேன்.