எச்சில் தண்ணீர்

தைசி துறைமுகத்தில் போதை ஊசி போட்டுக்கொண்ட எங்கள் எல்லோரையும் நாய்கள் என்பான் வெய்-ட்சுங். அவனும் போட்டுக்கொண்டவன்தான். ஆனால் தலைநகர் தைப்பேயில் படித்தவன், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். நான் சிப்பி உடைக்கும் வேலை பார்த்த கொட்டகைக்குப் பின்னால் எல்லோரும் கூடுவோம். தன் ஊசியை மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவான். எங்களை விட்டு ஒரு கை தள்ளித்தான் உட்காருவான்.

"அடுத்தவன் எச்சில் ஊசியக் குத்திக்கிற ஜென்மங்க. எல்லாம் அழுகித்தான் சாவீங்க."

சொல்லிவிட்டு, அந்தப் புத்தம்புது ஊசியை நாங்கள் தூள் கரைக்கிற கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு உறிஞ்சுவான். எங்கள் ஊசிகளை அலசியதும் அதே தண்ணீரில்தான்.

பிறகு எங்களில் பலர் தூளை விட்டு, அதற்கு மாற்றாக மருத்துவமனையில் கொடுக்கும் மெதடோன் மருந்துக்கு மாறினோம். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி. வெய்-ட்சுங்குக்கும்.

"நான் என் சொந்த ஊசியிலதான் போட்டேன். இதுங்க ரத்தத்த என் பேர்ல மாத்தி எழுதிட்டீங்க," என்று நர்ஸிடம் பாய்ந்தான்.

"ஊசி உங்களுது சரி. தண்ணி யாருது?" என்றாள் அவள்.

"தண்ணியில என்ன இருக்கு? தண்ணி தண்ணிதான்."

பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்தியவன் சொன்ன பதில் இது.

அடுத்த வாரம் அவன் தம்பி வெய்-ரென்னுக்கும் அதே நோய் என்று தெரிந்தது. மீன் ஏலத்தில் பெட்டி தூக்குகிறவன், அதிர்ந்து பேசமாட்டான். சூப்புக் கடையில் எங்கள் முன்னாலேயே அண்ணன் அவனைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த நாய்ங்ககூடச் சேராதேன்னு எத்தன தடவ சொன்னேன்? எவ கொட்டகையில போய் உக்காந்த?" கண் என்மேல் இருந்தது.

வெய்-ரென் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தான். "நான் யார்கூடவும் போட்டதில்லண்ணே. உங்கூட மட்டுந்தான். அம்மா செத்த அன்னிக்கு, தூக்கம் வரும்னு நீதான உன் ஊசியாலயே குத்திவிட்ட. அப்புறமும் நீதான்."

யாரும் கிண்ணத்திலிருந்து தலை தூக்கவில்லை.

"உன் ஒடம்புவாகு சரியில்ல," என்றான் வெய்-ட்சுங். எழுந்து போய்விட்டான்.

நோய்க்கு மாத்திரை வந்தது. நாங்கள் சாப்பிட்டோம். எனக்குக் கிருமி போனது, வெய்-ரென்னுக்கும் போனது. வெய்-ட்சுங் மட்டும் நாய்கள் நிற்கிற வரிசையில் நிற்க மாட்டேன் என்று, கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று சந்தையில் எவனோ விற்ற வேர்க் கஷாயத்தை வருஷக்கணக்காகக் குடித்தான். வயிறு பானையாக வீங்கி, கண் மஞ்சளான பிறகு, தம்பிதான் அவனை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு வந்தான். அடையாளம் தெரியக்கூடாதாம், முகமூடி, கறுப்புக் கண்ணாடி. அந்த வயிற்றை எதைக்கொண்டு மறைப்பான்?

கடைசியில் அதே மாத்திரையைத்தான் விழுங்கினான். கிருமி ஒழிந்தது. கெட்ட கல்லீரல் திரும்பாது என்றார் டாக்டர்.

இப்போது வயிற்று நீரை வடிக்க அதே மருத்துவமனைக்கு வருகிறான். நேற்று நான் பெஞ்சில் நகர்ந்து, "உக்காருங்க வாத்தியாரே," என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நின்றுகொண்டே இருந்தான். வெய்-ரென் அவன் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருந்தான். தனக்கு நோயைக் கொடுத்தவனை இன்னும் தாங்குகிற வெய்-ரென்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.