மாப்பிள்ளையை அழிக்கும் முறை

விவாகரத்து முடிந்து நான் பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்த கையோடு, அப்பா ஃபோட்டோ எடிட்டிங் வகுப்பில் சேர்ந்தார். இரண்டுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், அம்மாவும் அதற்கு முந்தின வருஷம்தான் போய்ச் சேர்ந்திருந்தாள், வீட்டில் பேச ஆள் கிடையாது. எதையாவது கற்றுக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வகுப்பு ஒரு ஸ்டூடியோவின் மாடியில் நடந்தது. சொல்லிக் கொடுத்தவர் அந்த ஸ்டூடியோக்காரர். ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தை எப்படி எடுப்பது, கண்ணில் எப்படி ஃபோகஸ் வைப்பது, தலையை வெட்டாமல் எங்கே நிறுத்துவது என்று அவர் பாடம் நடத்தியபோதெல்லாம் அப்பா பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பிறகு ஒருநாள் கையைத் தூக்கியிருக்கிறார்.

"சார், படத்துல இருந்து ஒரு ஆளை அழிக்கறது எந்த வாரம் வரும்?"

"யாரை சார் அழிக்கணும்?"

"என் மாப்பிள்ளையை."

ஸ்டூடியோக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லையாம். இதை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். டீயோடு அப்பா அறைக்குள் போனால், கம்ப்யூட்டர் திரை முழுக்க என் முன்னாள் கணவனின் முழங்கால். அதற்கு மேலே உடம்பு இல்லை. அப்பா மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, மவுஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"மாப்பிள்ளையை அழிச்சிட்டிருக்கேம்மா. கால் மட்டும்தான் பாக்கி. அவர் கொஞ்சம் உயரம் பாரு, வேலை இழுக்குது."

"அழிக்கறதுன்னு ஆயிடுச்சு. அப்புறம் என்ன மாப்பிள்ளை, அவர் இவர்னுட்டு?"

"பேர் சொல்லிப் பழக்கமில்லையே" என்றார் பாவமாக.

எல்லாம் எனக்காகத்தான். கம்ப்யூட்டரைச் சும்மா விட்டால் பழைய படங்கள் ஒவ்வொன்றாக வந்து போகும்படி வைத்திருந்தார். ஒரு நாள் நான் அதன் முன்னால் அசையாமல் நின்றதைப் பார்த்திருக்கிறார். பெண் அவனையே நினைத்து உருகுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். உண்மையில் அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டு நின்றது அம்மாவை. அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முக்கியமான எதையும் யாரும் வாயைத் திறந்து கேட்கிற வழக்கமில்லை.

அவனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அடிக்கிற ரகம் இல்லை, குடிக்கிற ரகம் இல்லை. யாரையும் சிரிக்க வைத்துவிடுவான். அம்மாவுக்கு அவன் என்றால் உயிர். "என் வயித்துல பிறக்க வேண்டியவன்" என்று என் எதிரிலேயே சொல்வாள். எங்களையெல்லாம் சிரிக்க வைத்து முடித்த பிறகு, வேறொரு வீட்டில் போய் ஒருத்தியைச் சிரிக்க வைக்க ஆரம்பித்தான். அதைப் பார்க்காமலே அம்மா கண்ணை மூடினாள். அந்த மட்டும் அவள் அதிர்ஷ்டக்காரி.

ஆரம்பத்தில் அப்பாவின் கைவேலை பார்க்கச் சகிக்காது. ஆளை அழித்துவிடுவார், என் தோளில் அவன் கை மட்டும் தங்கிவிடும். கையை அழித்தால் என் தோளும் சேர்ந்து போகும். அவன் நின்ற இடத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டுமே என்று பக்கத்திலிருந்த பூந்தொட்டியைக் காப்பி எடுத்து ஒட்டினார். பிறகு இன்னொன்று. எங்கள் பால்கனி படங்களை மட்டும் பார்க்கிறவர்கள் நாங்கள் செடி வியாபாரம் செய்தோம் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் மனிதர் விடவில்லை. ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஒரு போல்ட் குறைந்தால் அலமாரி முழுவதையும் கீழே இறக்கித் தேடுகிற ஆசாமி. ஓரம் தெரியாமல் வெட்டவும், நிழலைத் தனியாக வரையவும், சுவரின் நிறத்தைப் பக்கத்திலிருந்து எடுத்துத் தடவவும் கற்றுக்கொண்டார். மழைக்காலம் போய் வெயில் வந்தபோது, எங்கள் வீட்டுப் படங்கள் எதிலும் மாப்பிள்ளை என்று ஒருவர் இருந்த சுவடே இல்லை.

அதற்கப்புறம்தான் புதுத் தலைவலி. அவன் இருந்த படங்களில் நாங்கள் எல்லோரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்! அவனை எடுத்த பிறகு அம்மா சுவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் பூந்தொட்டியைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். குடும்பத்துக்கே ஏதோ ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

"இப்படியே விட்டா நல்லா இருக்காதும்மா" என்றார் அப்பா.

அடுத்த பாடம் கண்களை மாற்றுவது. நேராகப் பார்க்கிற கண்கள் வேண்டும். அம்மா கேமராவை நேராகப் பார்த்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. அதிலிருந்து கண்களை வெட்டி எல்லா அம்மாக்களுக்கும் வைத்தார். எனக்கு ஆபீஸ் அடையாள அட்டையிலிருந்து. வாய் விழுந்து விழுந்து சிரிக்கும், கண் மட்டும் 'அடுத்தது யார், முன்னால வாங்க' என்று கேட்கும். சின்ன அளவில் பார்த்தால் அவ்வளவாகத் தெரியவில்லை. அப்பாவுக்குத் திருப்தி. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. எனக்காக ஒருவர் இடுப்பு வலியோடு உட்கார்ந்து வேலை செய்கிறார், அதைப் போய் எப்படிக் குறை சொல்வது?

ஒன்று மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று. வகுப்பின் முதல் நாளே ஸ்டூடியோக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்: அசல் படத்தைத் தொடாதீர்கள், காப்பி எடுத்துக்கொண்டு அதில் வேலை செய்யுங்கள் என்று. அப்பா அதைக் கொள்கை அளவிலேயே எதிர்த்தார். ஒரே சாமான் இரண்டு இடத்தில் இருந்தால் ஸ்டோர் உருப்படாது என்பது அவர் கட்சி. அதனால் திருத்திய படத்தை அசலின் மேலேயே சேவ் செய்தார். பென் டிரைவில் பழையது இருப்பது நினைவுக்கு வந்ததும், பொறுப்பாக அதிலும் புதியதைப் போட்டுப் பழையதை ஒழித்தார்.

ஹாலில் மாட்ட அம்மாவின் படம் ஒன்றைப் பெரிதாகப் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. எதைப் போடுவது என்பதில் யோசனையே இல்லை. ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த பிறகு பால்கனியில் எடுத்த படம். பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா, ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவன். அவனுடைய கேமராவை வாங்கி அப்பாவே எடுத்தது. அவன் என்னவோ சொல்ல, அம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கப்புறம் அம்மா அப்படிச் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை.

திருத்திய படம் பெரிய அளவில் பிரிண்ட் ஆகி, ஃபிரேம் போட்டு வந்தது. அப்பா ஆணி அடித்து மாட்டினார். இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

அம்மாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, வாய் சிரித்தது, பாஸ்போர்ட் கண்கள் எங்களை முறைத்தன.

"இவ என்னை இப்படிப் பார்த்ததே இல்லையேம்மா" என்றார் அப்பா.

"பழைய ஃபைல் எங்கப்பா?"

"அதுமேலேயேதான் சேவ் பண்ணினேன். பென் டிரைவ்லயும் புதுசைப் போட்டுட்டேம்மா." அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிய வந்தது. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அம்மாவின் கடைசிச் சிரிப்பு உலகத்திலேயே எங்கள் வீட்டில்தான் இருந்தது, அதையும் தன் கையாலேயே அழித்து வைத்திருக்கிறார். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் அவர் ஹாலில் உட்காரவே இல்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவார். மூன்றாம் நாள் என் எதிரில் வந்து நின்று நகத்தைக் கடித்தார்.

"அது மாப்பிள்ளையோட கேமராம்மா. அவர்கிட்ட இருக்கும். நான் ஒரு போன் பண்ணினா நீ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டியே?"

ஒன்றா? ஒன்பது நினைத்தேன். ஆனால் அம்மாவின் கண்கள் எனக்கும் வேண்டியிருந்தன.

"பண்ணுங்க. ஸ்பீக்கர்ல மட்டும் போடாதீங்க."

ஸ்பீக்கரில் போடாமல் பேச அவருக்குத் தெரியாது.

"மாப்பிள்ளை, நல்லா இருக்கீங்களா?"

"சொல்லுங்க மாமா. உடம்பெல்லாம் எப்படி இருக்கு?" அதே குரல், அதே குழைவு. நான் சமையலறைக்குள் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

"ஒரு தப்பு பண்ணிட்டேன் மாப்பிள்ளை. உங்களை அழிச்சிட்டேன்."

"என்னது மாமா?"

அப்பா ஆதியோடந்தமாகச் சொன்னார். பூந்தொட்டி, பாஸ்போர்ட், பென் டிரைவ், ஒன்றையும் விடவில்லை. அந்தப் பக்கம் அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"அந்தப் படம் போன்ல இருக்கு மாமா. அத்தை சிரிக்கறது நல்லா இருக்கும், அதனால அதை மட்டும் வச்சுக்கிட்டேன். ஆனா அதுல கொஞ்சம் மாத்தியிருக்கேன். பார்த்துட்டுக் கோபப்படாதீங்க."

படம் வந்தது. அப்பா கம்ப்யூட்டரில் திறந்தார். நானும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா இருந்தாள். சிரிப்பில் கண்கள் பாதி மூடி, ஓரத்தில் சுருக்கம் விழுந்து, கீழ்வரிசையில் விழுந்த பல்லின் இடைவெளி தெரிய, அவனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் இருந்தான். மறுபக்கத்தில் சுத்தமான வெள்ளைச் சுவர். நான் இல்லை. என் காலடியில் வைத்திருந்த கைப்பை மட்டும் தரையில் தனியாகக் கிடந்தது.

ஏட்டிக்குப் போட்டி என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. நாங்கள் அவனை அழித்தோம் என்றால் எங்களுக்குக் காரணம் இருந்தது. நான் அவனுக்கு என்ன செய்தேன்?

அப்பா ஜூம் செய்தார். சுவரின் மேல், கீழ், ஓரம் எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மறுபடியும் போனை எடுத்தார்.

"மாப்பிள்ளை, இதை எதுல பண்ணினீங்க? ஒரு ஓரம்கூடத் தெரியலையே! எத்தனை நாள் பிடிச்சுது?"

"போன்லயே இருக்கு மாமா. ஆளைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுத் தட்டினா அதுவே அழிச்சிடும்."

"பழசு?"

"இடம் அடைக்குதேன்னு டெலீட் பண்ணிட்டேன் மாமா."

அப்பா போனை வைத்தார். அவரை உலுக்கியது மகள் போனதா, மகள் ஒரே தட்டில் போனதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவ்வளவு காலம் இடுப்பொடியச் செய்த வேலை! மவுஸைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு நிமிர்ந்தார். ஸ்டோர் கீப்பர் விழித்துக்கொண்டுவிட்டார்.

"பரவாயில்லம்மா. அவர்கிட்ட அவரும் அம்மாவும் இருக்காங்க. நம்மகிட்ட நீ இருக்கே. உன்னை நம்ம படத்துல இருந்து வெட்டி இதுல ஒட்டிடறேன். ஓரம் தெரியாது, நான் கேரண்டி. மாப்பிள்ளையை வேணும்னா மறுபடி எடுத்துடறேன்."

"அவனை எடுத்தா அம்மா மறுபடியும் சுவரைப் பார்த்துச் சிரிப்பா."

"ஆமா" என்றார் மெதுவாக. "அப்ப அவர் இருந்துட்டுப் போகட்டும். உன்னைச் சேர்த்துடறேன்."

கர்சர் என் கைப்பையின் பக்கத்தில் வந்து காத்திருந்தது. ஒட்டினால் நான் அங்கே எப்படி நிற்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஆபீஸ் கண்களோடு, அவர்கள் இரண்டு பேர் சிரிக்கிற இடத்தில், ஆஜர் கொடுக்க வந்தவளாக நிற்பேன். பழைய கண்களே கிடைத்தால் இன்னும் மோசம். ஹாலில் பெரிய அளவில், தினமும், அவனைப் பார்த்துப் பூரித்துக்கொண்டு நிற்பேன்.

"வேண்டாம்பா. நான் இல்லாமலே போடுங்க."

"என்னம்மா சொல்றே? உனக்காகத்தானே நான் இந்த வேலையையே கத்துக்கிட்டேன்!"

"தெரியும்பா. அம்மா நல்லா சிரிக்கறா. அது போதும்."

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கை சும்மா இருக்குமா, "அந்தப் பையை மட்டுமாவது எடுத்துடட்டுமா?" என்றார்.

"மவுஸ்ல இருந்து கையை எடுங்கப்பா."

இப்போது படம் ஹாலில் தொங்குகிறது. யாரை நான் பார்க்கக் கூடாது என்று அப்பா பாடுபட்டாரோ அவன் ஃபிரேமுக்குள் ஆளுயரத்துக்குச் சிரிக்கிறான். அப்பா அதற்கு எதிரில்தான் நாற்காலி போட்டு டீ குடிக்கிறார், அம்மாவோடு என்னென்னவோ பேசுகிறார். எனக்கும் பழகிவிட்டது. அவனைத் தாண்டி அம்மாவைப் பார்க்க இப்போதெல்லாம் கஷ்டமாக இல்லை.

போன வாரம் மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் வந்திருந்தாள். படத்தைப் பார்த்து, "இது உங்க மகனா?" என்று கேட்டாள்.

"மாப்பிள்ளை" என்றார் அப்பா.

"அப்ப உங்க பொண்ணு எங்கே? காணோமே?"

நான் சமையலறையில் டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது.

"சேர்த்துடறேன்னு நான்தான் சொன்னேன்" என்றார் அப்பா. குரலில் வருத்தம் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. "அவதான் வேண்டாம்னுட்டா."