உங்க இஷ்டம்ணா

முதலீட்டு வங்கியின் தலைமைப் பதவிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தாயிற்று. மறுநாள் பத்திரிகைகளுக்குப் போகவேண்டிய வாழ்க்கைக் குறிப்பை மேசைமேல் வைத்துவிட்டு விளம்பரப் பிரிவுப் பெண் நின்றாள். படித்தது, சேர்ந்தது, படிப்படியாக ஏறியது எல்லாம் அரைப் பக்கத்துக்குள் அடங்கிவிட்டன. நாயாய் உழைத்ததற்கு அரைப் பக்கம். அதன் நடுவே தடித்த எழுத்தில் ஒரு வரி: டயர் தொழிற்சாலையை வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றுக்கொடுத்தவர்.

"இதை எடுத்துடலாமே," என்றார்.

"அதுதான் சார் உங்க பெரிய டீலே. அதை எடுத்தா மிச்சம் என்ன இருக்கு?" சொன்ன பிறகுதான் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் போனதும் கண்ணாடி அறையின் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தத் தொழிற்சாலையில்தான் அவருடைய அண்ணன் ஃபோர்மேனாக இருந்தார். வாங்குகிறவர்கள் அதை மூடப்போகிறார்கள் என்பது பேச்சுவார்த்தையிலேயே இவருக்குத் தெரியும். வெளியே மூச்சுவிடக் கூடாது. இந்தத் தொழிலில் அதுதான் முதல் பாடம். விற்கிற கம்பெனிக்கு ஒரு ரகசியப் பெயர் வைத்து, கட்டிய மனைவியிடம்கூட நிஜப் பெயரைச் சொல்லாமல் இருந்தார். அவளும் அலுத்துப்போய்ப் பிரிந்துவிட்டாள். அந்தச் சமயம் பார்த்து அண்ணன் போன் செய்து, வேறு இடத்தில் கூப்பிடுகிறார்கள், போகட்டுமா என்று கேட்டார். "உங்க இஷ்டம்ணா," என்று சொல்லிப் போனை வைத்தார். அண்ணன் போகவில்லை. சில மாதங்களில் தொழிற்சாலைக்குப் பூட்டு விழுந்தது.

விற்றது யாரென்று அண்ணனுக்குத் தெரியாது என்பது ஒன்றே இத்தனை வருஷமாக இவருக்கு நிம்மதி. நல்லது கெட்டதுக்குப் பேச மிஞ்சியிருப்பதும் அந்த ஒருவர்தான். அண்ணன் பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிடத் தன் வாயால் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டார். அண்ணன் இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார். போனில் பிள்ளைகளின் கூச்சல்.

"அண்ணா, அந்த ஃபேக்டரியை வித்துக்கொடுத்தது நான்தான்."

"தெரியுமேடா."

"எப்படிண்ணா?"

"பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து நீ எனக்குப் புத்திதானே சொல்லிட்டிருக்கே. என் கல்யாணத்துக்குச் சட்டை கலர்கூட நீதான் முடிவு பண்ணினே. அன்னிக்குப் போய் என் இஷ்டம்னா? அப்பவே புரிஞ்சிடுச்சு, விக்கறது நீதான், கதை முடிஞ்சுதுன்னு."

"அப்ப ஏன் வேற வேலைக்குப் போகலை?"

"நான் கிளம்பினா பின்னாடியே பாதிப் பேர் கிளம்பியிருப்பாங்க. யார் சொன்னதுன்னு தோண்டியிருப்பாங்க. என் தம்பி எங்க வேலை பார்க்கறான்னு எல்லாருக்கும் தெரியும், நான்தானே தம்பட்டம் அடிச்சு வச்சிருந்தேன். உன் பேரு நாறிப்போயிருக்கும்டா." பின்னால் கூச்சலிட்ட பிள்ளைகளை அதட்டிவிட்டு அண்ணன் தொடர்ந்தார். "அந்தப் பாதிப் பேர்கிட்ட மட்டும் இன்னிக்கும் முகம் கொடுத்துப் பேச முடியலை. சரி, வைக்கறேன். ஒரு வாலு ஜன்னல்ல தலையை நீட்டுது."

இணைப்பு அறுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் பூச்செண்டோடு வந்து, பேசி முடிக்கட்டும் என்று புன்னகையோடு காத்திருந்தார்கள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, "ம்... ம்..." என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார்.