நாளைய தேதியில் வந்த கேன்

மகள் அபினா மஞ்சள்காமாலையிலிருந்து தேறியது முதல், கேனில் தண்ணீர் பிடித்த தேதியைப் பார்க்காமல் ராஜபாய் மூடியைத் திறப்பதில்லை. கருங்கல் ஊரில் அவள் வீட்டுக்கு அந்தச் சனிக்கிழமை வந்த கேனில் மறுநாள் தேதி இருந்தது.

“ஏலே எபிசன், நாளைக்குப் பிடிக்கிற தண்ணி இன்னைக்கே எப்பிடிலே வந்து?”

கேன் இறக்க வந்தவன் சிரித்தான். “நாளைக்கு ஞாயிறுல்லா அக்கா? சர்ச்சுக்குப் போணும், கம்பெனி பூட்டு. நாளைக்கு விக்கதுக்கும் சேத்து இன்னைக்கே ஸ்டிக்கர் ஒட்டியாச்சு.”

“அப்பம் தண்ணிய டெஸ்ட் பண்ணுனது எப்பம்?”

அவன் தலையைச் சொறிந்தான். “டெஸ்ட் சீட்டுலயும் நாளைக்குள்ள தேதிதான்.”

“சரி மக்கா, ஜெபம் முடிச்சு, டெஸ்ட்டும் முடிச்சுக் கொண்டா.”

கேனைத் திருப்பி அனுப்பிவிட்டு, கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள் ராஜபாய்.