ஆறே கால் ராத்தல்

பிரசவ நர்சு ரங்கநாயகிக்கு நஞ்சம்மாளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். நஞ்சம்மாளின் மருமகள் பாவாத்தாளுக்கு இது மூன்றாவது பேறு. முதல் இரண்டும் நாலு ராத்தல்கூடத் தேறவில்லை. ஒன்று ஒன்பது நாள் உயிரோடு இருந்தது, மற்றது பதினாறு நாள்.

"ஏழாம் மாசத்துலருந்து அரைக் கும்பாச் சோறுதானுங்க," என்பாள் நஞ்சம்மாள். "வகுறு நெறையத் தின்னா கொழந்தைக்கு எடமேதுங்க?"

"சோறு போற பை வேற, கொழந்தை இருக்கிற பை வேறங்க."

"நீங்க எத்தனை பெத்தீங்க?"

ரங்கநாயகிக்குக் கல்யாணமே ஆகவில்லை. நஞ்சம்மாள் கொடுமைக்காரியும் அல்ல. தலை பெருத்த பிள்ளை வெளிவராமல், பிள்ளையோடு தன் மகளையும் பிரசவத்தில் பறிகொடுத்தவள்.

பாவாத்தாளோ எதுவும் பேச மாட்டாள். மில்லில் பத்து மணி நேரம் நின்று நூல் சுற்றிவிட்டு வந்து, கொடுத்ததைத் தின்பாள். வாயில்லாப் பூச்சி என்றே ரங்கநாயகி நினைத்திருந்தாள்.

மாசியில் ஒரு மத்தியானம் பிள்ளை பிறந்தது. ரங்கநாயகி அதைத் தராசில் தொங்கவிட்டாள். முள் இறங்கிய இடத்தை நம்பாமல் மறுபடியும் நிறுத்தாள். ஆறே கால் ராத்தல்.

நஞ்சம்மாள் பேரனை மடியில் வாங்கிக்கொண்டாள். "பாத்தீங்களா? அரைக் கும்பாவுக்கே இப்பிடி. ஊரெல்லாஞ் சொல்லோணும்."

ரங்கநாயகிக்குத் தெரியும், இதைச் சொன்னால் இந்த வளவு வீடுகளில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கும் முழுச் சோறு கிடைக்காது.

"சொல்லாதீங்க அத்தை," என்றாள் பாவாத்தாள், படுத்தபடியே. "அரைக் கும்பா உங்க ஊட்டுல. மத்தியானம் மில்லுல எங்கூட நூல் சுத்துற ஆமினா பீவியக்காவோட சோத்துப் போசியில முழு உருண்டை ராயிக்களி, கருவாட்டுக் கொழம்பு. இனாமாத் திங்கலீங்க. அவங்க கணக்குக்கு ரெண்டு சிட்டம் நூல் சேத்திச் சுத்திக் குடுத்தேன்."

"அவிய ஊட்டுச் சோறா?" என்றாள் நஞ்சம்மாள்.

"ஆமாங்க. அதுதான் உங்க மடியில கனக்குது. ஆகாதுன்னா எறக்கி வெச்சுப்போடுங்க."

ரங்கநாயகி தராசைக் கழற்றினாள். அவள் மூன்று வருஷமாகக் கத்தித் தீர்த்ததை, இவள் ஒரு வார்த்தை பேசாமல் தின்று காட்டியிருக்கிறாள். பேசாமலே தப்பித்திருக்கலாம். பெற்ற உடம்பின் ரத்தம் காயுமுன் பேசியும்விட்டாள்.

நஞ்சம்மாள் பிள்ளையை இறக்கவில்லை. அதன் கொழுத்த தொடையைத் தடவிக் கொடுத்தாள்.

"அம்மணி, இப்பப் பசிக்குதா?"

"பசிக்குதுங்க அத்தை."